உன் படத்துக்குக் கீழே நான் எழுதிய நான்கு வரி

ஞாயிறு ஆராதனை முடிந்து, சபை மண்டபத்தின் சமையலறையில் மேசை விரிப்பைத் தேடி அடி அலமாரியைத் திறந்தேன். காப்பி வாசம் முகத்தில் அடித்தது. நாளான காப்பி. மணமெல்லாம் போய் உமியின் வாசம் மட்டும் மிஞ்சியிருந்தது. விரிப்புக்கு அடியில் மூன்று பாக்கெட்டுகள். மூன்றிலும் நீ, இரு கை நிறையச் சிவந்த பழத்தை ஏந்திக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாய். வெளியே எங்கள் பிளாட் புஷ் பகுதிக் குடும்பங்கள் காப்பிக்குக் காத்திருந்தன. படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை நான் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை. எழுதியவள் நான்தானே.

உன்னை முதலில் பார்த்ததும் காப்பி வாசத்தோடுதான். கல்லூரி முடித்த கையோடு அந்தக் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளராக உங்கள் மலைக்கு வந்தேன். நிறுவனம் நாற்றும், பழத்தின் தோல் உரிக்கும் மெஷினும் தரும். பழத்தை அப்படியே வியாபாரிக்குக் கொடுத்துவிடாமல் ஊரே சேர்ந்து உரித்து, காயவைத்து விற்கும். வரும் வருமானத்தில் குடிதண்ணீரும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வேனும். இதுதான் திட்டம். சார்ட் ஒட்டி நான் விளக்கி முடித்ததும் நீ கேட்டாய்: "காப்பிப் பழத்தக் கண்ணுல பாத்திருக்கியா புள்ள?" பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் பார்த்ததில்லை.

உனக்கும் என் வயதுதான். அன்றைக்கே தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாய். பழத்தைத் தண்ணீரில் கொட்டியதும் சொத்தையெல்லாம் மேலே வந்தது. "மிதக்குறது பாக்க நல்லாத்தான் இருக்கும். அள்ளி வெளிய போடு" என்றாய்.

உன் கணவர் மூட்டை சுமப்பார், களத்தில் காயும் கொட்டையை மரக்கட்டையால் இழுத்துக் கிண்டிவிடுவார். சாராய வாடை வந்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோகிற மனிதர். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணன் என்பேன். எனக்குக் காய்ச்சல் கண்டபோது ஜீப் வரும் ரோடு வரைக்கும் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

பிறகு எனக்குக் கல்யாணம், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம், அங்கே ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை, மார்ட்கேஜ் என்று வருடங்கள் ஓடின. உங்கள் காப்பியைச் சபையில் விற்கலாம் என்ற யோசனை என்னுடையது. அதில் எனக்கு நிரம்பப் பெருமை. உன் படத்தைப் போட்டு, கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதச் சொன்னார்கள். முதலில் உள்ளதைத்தான் எழுதினேன். உன் பெண்கள் குழு, பழுக்காத ஒரு காய் கூடையில் விழுந்தாலும் நீ போடும் சத்தம். சபைக் கமிட்டியில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா வாசித்துவிட்டு, "ஓம், நல்லாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா ஆக்களின்ர மனசத் தொடேல்ல" என்றார்.

அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. நானேதான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். 'இவள் கணவன் குடிகாரன். இவள் பிள்ளைகள் பசியோடு தூங்கினார்கள். பிறகு காப்பி வந்தது. இன்று இந்தக் குடும்பம் பிழைத்திருக்கிறது.' எங்கெங்கோ பார்த்த வீடுகளின் துயரத்தை எடுத்து வந்து உன் வீட்டுக்குள் வைத்தேன். அந்த ஞாயிறே எல்லாம் விற்றுப்போனது. ஒரு வெள்ளைக்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். நானும் கூடவே கலங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

அந்த வருடம் உங்கள் ஊருக்குப் போன சபையார் உனக்கு ஒரு பாக்கெட்டைப் பரிசாகக் கொண்டுபோனார்கள். எட்டாவது படித்த உன் மகள், அம்மா படத்தைக் கண்ட சந்தோஷத்தில், களத்தில் அத்தனை பேர் முன்னாலும் வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்லிவிட்டாள்.

நீ போன் செய்தாய். "ஏ புள்ள, எம்புருசன் எந்தக் கடையில குடிச்சாரு? சொல்லு, நானும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர்றேன்."

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. "எளவட்டப் பயலுக 'மாமா, எங்களுக்கும் ஒரு கட்டிங்'னு கேக்குறானுக. மூணு நாளா மனுசன் களத்துக்கே வரல. நாந்தான் கிண்டுறேன்."

"இங்க அப்படி எழுதினாத்தான் வாங்குறாங்க."

"அப்ப எங்க காப்பி நல்லால்லியா?"

நீயே தொடர்ந்தாய்: "நீ எழுதினன்னு நான் யார்ட்டயும் சொல்லல. அங்க யாரோ எழுதிட்டாங்கன்னுட்டேன். நீ ஒரு போன் போட்டு, அது பொய்யின்னு களத்துல எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிப்புடு. ரெண்டு நிமிசம்."

முதலில் பாக்கெட்டை மாற்றுகிறேன் என்றேன். களத்தில் பேசினால், யார் எழுதியது என்று கேட்பார்களே. கமிட்டியில், அச்சடித்தது தீரட்டும் என்றார்கள், நானும் தலையாட்டினேன். அடுத்த அச்சும் அதே வரிகளோடு வந்தது. நீ இன்னொரு முறை கேட்டாய். அதற்குப் பிறகு மழை, மிளகு, மகளின் பரீட்சை என்று மட்டும் பேசினாய். போன மழைக்காலத்தில் ஒரே காய்ச்சலில் போய்விட்டாய். இங்கே உனக்காக ஜெபித்தோம். முடிந்ததும் அந்தப் பாக்கெட்டைப் பிரித்துத்தான் எல்லாருக்கும் காப்பி கொடுத்தோம்.

போன மாதம் உன் மகள், வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் உன் படத்தை எனக்கு அனுப்பினாள். பாக்கெட்டில் இருந்த அதே படம். வேறு நல்ல படம் இல்லையாம். எழுத்து வராமல் அண்ணன் கத்தரித்துச் சட்டம் போட்டிருக்கிறார். ஆனாலும் உன் விரல்களுக்குக் கீழே முதல் வரியின் தலை மட்டும் கொஞ்சம் தெரிகிறது. பார்ப்பவர்களுக்கு அது ஏதோ கோடு. கூடவே அண்ணனின் குரலும் வந்தது: "தங்கச்சி, உங்களுக்கு முன்னமே தெரிஞ்சிருந்தா அப்படி எழுத விட்டிருக்க மாட்டீங்கன்னு அவ சொல்லிக்கிட்டே இருப்பா."

ஒரு மாதம் அதற்குப் பதில் சொல்லாமல் இருந்தேன். அலமாரியைத் திறந்த மறுநாள், திங்கட்கிழமை, வேலை முடிந்து காரை எடுக்காமல் உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டேன். அங்கே வெயில் ஏறும் நேரம். பின்னால் மரக்கட்டை தரையில் இழுபடும் சத்தம்.

"அந்த நாலு வரிய எழுதினது நான்தான் அண்ணே."

சத்தம் நின்றது. "என்கிட்ட சொல்லி என்ன? களத்துல வச்சுத்தானே எம்புள்ள படிச்சுச்சு. களத்துலயே சொல்லுங்க" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லாரையும் கூப்பிட்டார்.

சொன்னேன். அவர் ஒருநாளும் குடித்ததில்லை, உன் பிள்ளைகள் பசித்துத் தூங்கியதில்லை, விற்பதற்காக நான் எழுதிய பொய் அது என்று. "நீயாம்மா?" என்றது ஒரு பெண் குரல். "ஆமா" என்றேன். "கொட்டை ஒரு பக்கமாவே காயுது, கிண்டுங்கப்பா" என்று அண்ணன் யாரிடமோ சொல்வது கேட்டது. இணைப்பு அறுந்தது. அவர் என்னைத் தங்கச்சி என்று சொல்லவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அத்தனை பேர் முன்னால் நான் பேசியது நீ கேட்ட ரெண்டு நிமிசம்கூட இருக்காது.

வரும் ஞாயிறு சபையில் இதையே எழுந்து நின்று சொல்ல வேண்டும். மூன்று பாக்கெட்டுகளையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். எறிய மனம் வரவில்லை. உன் முகம் இருக்கிறது. எழுத்தையாவது நறுக்கிவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். கோணம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். உன் விரலில் படாமல் அந்த முதல் வரியை வெட்ட முடியவில்லை.