கான்சர்டினாவின் ஆறுபக்கப் பெட்டி

நேற்று மாலை, சபையில் கீபோர்டு வாசிக்கும் தம்பி வீட்டுக்கு வந்து உங்கள் கான்சர்டினாவை, நீங்கள் சபையில் வாசித்த அந்தக் கைத்துருத்தி வாத்தியத்தைப் பார்க்க வேண்டும் என்றான். பீரோவின் அடித்தட்டிலிருந்து அரிசிப்பையோடு எடுத்துக் கொடுத்தேன். பையைப் பிரித்ததும் ஈரத்தோலும் அந்துருண்டையும் கலந்த வாடை. "இதுக்குன்னு மரப்பெட்டி ஒண்ணு இருக்குமே ஆன்ட்டி, அது எங்க?" என்று கேட்டான். தொலைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதைப் பற்றி நான் பேசியது உங்களிடம் மட்டும்தான். இப்போதும் உங்களிடமே பேசுகிறேன்.

உங்களைக் கல்யாணம் கட்டி மண்ணூர்பேட்டை ஒற்றையறை வீட்டுக்கு வந்தபோது நான் முதலில் வியந்து பார்த்தது அந்தப் பெட்டியைத்தான். ஆறு பக்கம், பித்தளைக் கொக்கி, உள்ளே பச்சை வெல்வெட். துருத்தியின் மடிப்பு அழுந்தாமலிருக்க அடியில் மூலைக்கு ஒன்றாகச் சின்ன மரக்கட்டைகள். வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் கப்பலேறும்போது, தன் சமையல்காரரான உங்கள் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வெல்டிங் வேலை முடித்து வந்து, கையைத் தேய்த்துக் கழுவாமல் நீங்கள் அதைத் தொட்டதில்லை. ஒருமுறை சென்னீர்குப்பம் ஜெபக்கூட்டத்துக்குப் பஸ்ஸில் போகையில் பக்கத்து சீட்காரர், "இன்னா நைனா, உள்ள பாம்பு கீதா?" என்று ஒதுங்கி உட்கார்ந்தார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஐப்பசி மழை. எனக்கு ஆறாம் மாதம். காய்ச்சலில் நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை என்று மட்டும் நர்ஸ் சொன்னார். நீங்கள் கட்டிலருகே நின்றீர்கள். சட்டையெல்லாம் சேறு.

வீட்டுக்கு வந்தால், கான்சர்டினா உங்கள் பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது. ஜன்னலில் அந்த மரக்கட்டைகள், உளியால் பெயர்த்த தடத்தோடு.

"பெட்டி எங்கங்க?"

அடுப்பைப் பார்த்தபடி சொன்னீர்கள். "குளுகோஸ் பாட்டில் வர்ற அட்டப்பொட்டில வெச்சிக் குடுத்தாங்கம்மா. மழ கொட்டிகினு இருந்திச்சு. ஊறிப்பூடும்னுதான்..."

கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம் நீங்களே குழி தோண்டியிருந்தீர்கள்.

"அதுல எப்டிங்க வெச்சீங்க?"

"சுருண்டுகினுதான் இருந்தா. உன் வயித்துல இருந்த மாரியே."

அதன் பிறகு நமக்குக் குழந்தை இல்லை. கான்சர்டினாவுக்கும் வேறு பெட்டி இல்லை. இரும்பை வெட்டி ஒட்டுகிறவர் நீங்கள். தகரத்திலாவது ஒன்று செய்துகொள்ளச் சொன்னேன். "அதுக்குப் பொட்டி கீது. குடுத்துட்டேன், அவ்ளோதான்" என்றீர்கள். ஒவ்வொரு மழைக்கும் ஈரமேறி, உள்ளே சுரம் எழுப்பும் எஃகு நாக்குகள் துருப்பிடித்தன. ஒவ்வொரு சுரமாகச் செத்தது. சபையில் பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது வாயால் முனகி நிரப்பினீர்கள். கடைசியில் முனகல்தான் மிச்சம்.

குழந்தையின் முகத்தைப் பற்றி வெகுகாலம் நான் கேட்கவேயில்லை. நெஞ்சுச் சளியில் நீங்கள் படுத்த படுக்கையான பிறகுதான் கேட்டேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள். "மூக்கு உன்னுது. காது என்னுது, பெருசு." அதற்குள் இருமல் வந்துவிட்டது. மேற்கொண்டு கேட்க மனம் வரவில்லை.

அவளைத் தன் பிள்ளையாகப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். இப்போது நீங்களும் இல்லை. நீங்கள் சொன்ன மூக்கையும் காதையும் வைத்து நான்தான் தினமும் ஒரு முகத்தைக் கூட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கண்ணிடம் வந்து நின்றுவிடுகிறேன்.