சோஃபியாவா, தர்னோவோவா

ரூஸே,
6 ஜூலை 1998

அன்புள்ள லுபென்,

நலம்தானே? வியன்னா துறைமுகத்தில் இது உன் கைக்குக் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன். வரலாற்றுப் பட்டப்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் தேறிவிட்டேன். சோஃபியாவிலும் இடம், தர்னோவோவிலும் இடம். நான் வேலை பார்த்த துணி ஆலையை மூடியதிலிருந்து என்னைப் பார்த்து இரங்கியவர்களுக்கெல்லாம் இப்போது வேறு பேச்சு. எதிர்வீட்டு த்ஸோங்கா, "நாப்பத்துமூணு வயசுல சரித்திரம் எதுக்குடி? இன்னும் கொஞ்ச நாள் போனா நீயே சரித்திரம்தான்" என்கிறாள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

மாதக் கடைசிக்குள் ஏதாவது ஓரிடத்தில் பெயர் பதிய வேண்டும். எங்கே என்று நீயும் சொல்.

உன்
ருமியானா

வியன்னா,
14 ஜூலை

என் ருமிக்கு,

உன் கடிதத்தை எஞ்சின் அறையில் உரக்கப் படித்தேன். அந்தச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. மேலே வந்து மறுபடி படித்தேன். சமையல்காரன் மித்கோ, "பொண்டாட்டி காலேஜுக்குப் போறா, இனிமே உன் சட்டைய நீயே தோச்சுக்க" என்கிறான்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தர்னோவோதான். ரயிலில் இரண்டு மூன்று மணி நேரம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம். நான் ஆற்றிலிருந்து கரையேறுவதே மாதத்துக்கு நாலு நாள். நீ சோஃபியாவுக்குப் போய்விட்டால் அந்த நாலு நாளும் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கவா?

முத்தங்களுடன்
லுபென்

ரூஸே,
30 ஜூலை

அன்புள்ள லுபென்,

இரண்டு ஊருக்கும் போய்வந்தேன். தர்னோவோ கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அங்கேயே பதிந்திருப்பேன். சோஃபியாவையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று போனதுதான் வினை.

அங்கே பேராசிரியை ஒருவர், "என்ன படிக்கணும்னு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். நம் டான்யூப் கரையில் முன்பு வாழ்ந்தவர்களைப் பற்றி என்றேன். துருக்கியர் ஆண்ட காலத்தில் அரபி எழுத்தில் எழுதிய தாள் ஒன்றை எடுத்து வாசித்துக் காட்டினார். கோட்டைச் சிப்பாய்கள் பிடித்துவைத்த படகுகளைத் திருப்பித் தரச் சொல்லி நம் ஊர் மீனவர்கள் கொடுத்த மனு. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"இந்த எழுத்தப் படிக்கக் கத்துக்கவே ரெண்டு வருஷமாகும், பரவாயில்லையா?" என்றார்.

"நான் சும்மா உக்காந்திருந்தாலும் ரெண்டு வருஷம் ஓடத்தானே போகுது" என்றேன்.

அன்றே அங்கே பதிந்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. திரும்பும் ரயிலில், நீ கோபிப்பாயே என்று பயம் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட பனித்ஸா ஒன்றைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனேன்.

கோபமென்றாலும் பதில் போடு.

உன்
ருமியானா

புடாபெஸ்ட்,
19 ஆகஸ்ட்

ருமி,

கோபம்தான். பல நாள் பேனாவையே தொடவில்லை. மித்கோவிடம் புலம்பினேன். "அவ எங்க இருக்கான்னு தெரியுமில்ல? அப்ப அங்க போ" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டான்.

கப்பல் தலைவரிடம் பேசிவிட்டேன். அக்டோபரிலிருந்து ரூஸேவுக்குப் பதிலாக லோம் துறைமுகத்தில் இறங்கிக்கொள்கிறேன். அங்கிருந்து சோஃபியாவுக்கு ரயில் இருக்கிறது. இரண்டு பேர் தங்குகிற மாதிரி அறை பார். நான் வரும் நேரத்தில் வகுப்பு இருந்தால் பாதியில் எழுந்து ஓடிவராதே. நான் வாசலில் புகைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அதிருக்கட்டும், அந்த மீனவர்களுக்குப் படகு திரும்பக் கிடைத்ததா? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே. இரண்டு நாளாக எஞ்சின் அறையில் எங்களுக்கு இதே பேச்சுத்தான்.

உன்
லுபென்