சித்தப்பா பேசி முடிக்கும் வரை

அன்பு மகளுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், அதனால் இந்த முறை அதைக் கேட்காமல் எங்கள் நலத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, தினமும் தைலம் தேய்த்துவிட்டு, தேய்க்கத் தெரியவில்லை என்று திட்டும் வாங்கிக்கொள்கிறேன். மாப்பிள்ளையை நான் மிகவும் கேட்டதாகச் சொல்லு.

எட்டு வயதில் நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? சலூனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சித்தப்பாவின் சக்கர நாற்காலியை நான் தள்ள, நீ அதன் கைப்பிடியில் ஒரு விரலை மாட்டிக்கொண்டு நடந்து வந்தாய். இப்படி இருக்கோமேன்னு சித்தப்பாவுக்கு வருத்தமே வராதாப்பா என்று கேட்டாய், அதுவும் அவர் காதில் நன்றாக விழும்படி. என்னைக் கேட்காதே, அவரையே கேள் என்றேன். நீ முன்னால் ஓடித் திரும்பி, பின்னோக்கி நடந்துகொண்டே கேட்டாய். அவர் கழுத்து ஒரு பக்கம் இழுக்க, கை தன்பாட்டுக்கு வீச, வழக்கம்போல ஒவ்வொரு சொல்லாக வெளியே எடுத்தார். தெருமுனையில் தொடங்கிய பதில் நம் வீட்டு வாசலில்தான் முடிந்தது. வருத்தமா, வரும் கண்ணு, ஆனா நான் எல்லாத்துலயும் மெதுவு, வருத்தப்பட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்த வேளை சாப்பாடு வந்துடுது என்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

போன வாரம் ஃபோனில் அதே கேள்வியை உன் பிள்ளை, நம் குட்டியைப் பற்றிக் கேட்டாய். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டு, அவன் சந்தோஷமா இருப்பானாப்பா என்றாய். லைன் சரியில்லை என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. பதில்தான் என்னிடம் தயாராக இல்லை, அதை இப்போது எழுதுகிறேன். முதலில் ஒன்று, மூளை வாதம் என்று டாக்டர் சொன்ன அதே பெயர்தான் சித்தப்பாவுக்கும், ஆனால் இது நம் வழியாக அவனுக்கு வந்ததில்லை என்று அந்த டாக்டரே உனக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவரும் பிறக்கும்போது மூச்சுக்குத் திணறினார், இவனும் திணறினான், அவ்வளவுதான். நீ எதைச் சாப்பிட்டாய், எங்கே ஏறினாய் இறங்கினாய் என்று பின்னால் போய்த் துழாவுவதை விட்டுவிடு.

சித்தப்பா சந்தோஷமாக இருந்தாரா என்றால், இருந்தார். ஆனால் பிறந்ததிலிருந்தே அப்படி இருந்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், அது இல்லை. உனக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. இருபது வயது வரை அவர் அநேகமாகப் பேசாத பிள்ளை. என் அம்மா அவரை உயிராய் வைத்திருந்தார், அவர் வாயைத் திறந்து ஒரு எழுத்து வருவதற்குள் தண்ணீரா, இந்தா, போர்வையா, இந்தா என்று கையில் வந்துவிடும். பெரும்பாலும் அதுதான் அவருக்கு வேண்டியதாகவும் இருக்கும். நாங்களும் அப்படியே பழகினோம். கேட்கும் முன்பே எல்லாம் கிடைக்கிற வீட்டில் அவர் எதற்கு வாயைத் திறக்க வேண்டும், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாது என்று எல்லாரும் சொன்னார்கள். சாதுவா அவர்!

அப்போதுதான் உன் சலூன் மாமா எதிர்வரிசையில் கடை போட்டார். பேச்சுத் துணைக்கு இருக்கட்டும் என்று அவராகவே வந்து சித்தப்பாவின் நாற்காலியைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனார். அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான், காத்திருந்தார். ஒருத்தர் தலையை முடிக்க எனக்கு எப்படியும் நேரம் ஆகும், நீ சொல்லுப்பா என்று கத்தரிக்கோலை ஆட்டிக்கொண்டே இருந்தார். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வந்தது பாரு, அத்தனை வருஷம் ஜன்னலில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பற்றிச் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. கடையில் ஒரு சட்டமும் வந்தது. சித்தப்பா பேசும்போது அவர் வாக்கியத்தை வேறு யார் முடித்து வைத்தாலும், முடித்தவர் எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட வேண்டும், எல்லாருக்கும் பிறகுதான் முறை.

பேங்க் மேனேஜர் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அவர் ஊருக்குப் புதிது, நல்ல மனிதர், தலையெல்லாம் நரைத்து மீசை மட்டும் கன்னங்கரேலென்று சாயம் பூசியிருப்பார். ஒரு கன்னம் மழித்தாயிற்று, மறு கன்னத்தில் சோப்பு நுரை. சித்தப்பா அவரைப் பார்த்து, சார், நீங்களும், உங்க மீசையும், என்று இழுத்துக்கொண்டிருக்கிறார். மேனேஜருக்கு இரக்கம் வந்துவிட்டது, மீசையை எடுத்துடச் சொல்றியாப்பா என்று அவரே முடித்து வைத்தார். கடை மூச்சை அடக்கியது. சலூன் மாமா கத்தியை மடித்து வைத்து, துண்டை உருவி, சார், தப்பா நினைக்காதீங்க, கடைசி பெஞ்ச் என்றார். அந்த மனிதர் பாதி முகத்தில் நுரையோடு போய் உட்கார்ந்தார். சித்தப்பா அவசரமே படவில்லை, விட்ட இடத்திலிருந்து பிடித்து, சார், நீங்களும், உங்க மீசையும், அப்பாவும் பிள்ளையுமா என்று முடித்தார். மேனேஜர் சிரித்த சிரிப்பில் நுரை பக்கத்தில் இருந்தவர் சட்டையில் தெறித்தது. அதற்குப் பிறகு சவரம் தேவையில்லாத நாளிலும் அவர் வந்து உட்கார்ந்திருப்பார்.

எல்லா நாளும் அப்படி இருந்தது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவன். குளிர் வந்தால் கால் நரம்பு முறுக்கிக்கொண்டு வலியில் பல்லைக் கடிப்பார், கீழே விழுந்து முன்பல் உடைந்திருக்கிறது, குடிக்கும்போது சட்டையெல்லாம் காபி. அவர் விரும்பிய ஒரு பெண் வேறு ஊருக்குக் கல்யாணமாகிப் போனபோது ஒரு மாதம் கடைப்பக்கம் போகவில்லை, என்னோடும் பேசவில்லை. சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவார், பிடித்துவிட்டால் கை நடுங்குச்சு, சீட்டு தானா விழுந்துடுச்சு என்பார். மெதுவான அந்த மனிதருக்குப் பிடித்தது வேகம். கடை விடுமுறையில் சலூன் மாமா அவரைத் தன் முதுகோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் புறவழிச் சாலையில் பறப்பார், இன்னும், இன்னும் என்று பின்னால் கத்துவது மட்டும் இழுக்காமல் தெளிவாக வரும் என்று மாமா சொல்வார்.

போன மழைக்காலத்தில் சித்தப்பா நம்மை விட்டுப் போனபோது உன்னால் வர முடியவில்லை. அன்று வீட்டு வாசலில் மேனேஜர் நின்றார், ரிட்டயர் ஆகி வெகு நாளாயிற்று, மீசை முழுக்க வெளுத்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே, பிள்ளைக்கும் வயசாயிடுச்சு சார், உங்க தம்பிகிட்ட காட்டணும்னு இருந்தேன் என்றார். நானும் அவரும் அந்த இடத்திலேயே சிரித்துவிட்டோம், அம்மா முறைத்தாள், அப்புறம் அவளும்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினோமே, குட்டி உன் மடியில் உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயைக் குவித்தான், கை தூக்கினான். தண்ணியா செல்லம், பொம்மையா, தூக்கம் வருதா என்று நீ வரிசையாகக் கேட்டாய். உன் பதற்றம் எனக்குப் புரிகிறது, மூன்று வயதுப் பிள்ளையை நாள் முழுக்க ஒருத்தியாகப் பார்க்கிறாய். ஆனால் அவன் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

நான் பாடம் நடத்தியவன், உதாரணம் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகலாம். அதற்காக அப்பா என்ன எழுதியிருப்பார் என்று நீயே உட்கார்ந்து எழுதிக்கொள்வாயா? தபால்காரர் வரட்டும் என்று இருப்பாய். அவன் பேச்சும் தபாலில்தான் வருகிறது, வழி கொஞ்சம் சுற்று. அது சொல்லாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு பார்வையாக, ஒரு விரலாக இருக்கலாம். பயிற்சிக்கு அழைத்துப் போ, டாக்டர் சொல்வதைக் கேள், அதெல்லாம் வேண்டும். ஆனால் அவன் சந்தோஷமாக இருப்பானா என்ற கேள்விக்கு நானோ நீயோ பதில் சொல்ல முடியாது, அந்த வாக்கியம் அவனுடையது. முடிவு வரை உட்கார்ந்து கேட்க ஆள் இருந்தால் அது நன்றாக முடியும் என்று மட்டும் எனக்குத் தெரியும், ஒரு தடவை பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் நேரம் கொஞ்சம் தூங்கு. நீங்கள் மூவரும் மனம் நிறைந்து பல காலம் வாழ எங்கள் இருவரின் ஆசிகள். அடுத்த முறை பேசும்போது லைன் சரியில்லை என்று சொல்ல மாட்டேன்.

இதைப் படித்த மறுநாள் காலையில் குட்டியின் முன்னால் இரண்டு சட்டைகளை விரித்து, எது வேண்டும் என்று ஒரு முறை கேள், கேட்டுவிட்டு, அவன் சொல்லும் வரை கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திரு.

என்றும் உன்
அப்பா