லாதிரின் பங்கு

பிரிகாமா,
பிப்ரவரி 6

அன்புத் தம்பி ஃபான்சுவுக்கு,

நான் நலம். உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா? மாத்திரை கசக்கவே இல்லை, என்னத்தை அடைத்தாய் என்று மட்டும் கேட்கத் தெரிகிறது. நாம் காய்ச்சிக் குடிக்கும் கின்கெலிபா இலையின் சாரம்தான். வெறுமனே குடித்தால் பெரும்பகுதி வயிற்றிலேயே வீணாகிறது. அதனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களில் பொதிந்து, கெட்ட கல்லீரலுக்கே நேராக அனுப்புகிறோம். ஆனால் இது சோதனை. பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்றுத் துகள்தான். உனக்கு எது, உன் கூட்டாளி லாதிருக்கு எது என்று முடியும்வரை எனக்கும் தெரியாது. நச்சரிக்காதே.

உன் அக்கா,
நீமா

தான்ஜி,
செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

லாதிரை அடக்கம் செய்துவிட்டோம். அவன் செரெர் இனம், நாம் ஜோலா; ஒருவரையொருவர் 'அடிமை' என்று சீண்டிக்கொள்ளும் கேலிமுறை இனங்கள். கேலிமுறைக்காரன் நான்தான் குழிக்குள் படுத்துக்கொண்டு, இந்தச் சோம்பேறிக்கு இடம் தரமாட்டேன் என்று வம்பு செய்து எல்லோரையும் சிரிக்க வைத்திருக்க வேண்டும். நான் மண்ணை மட்டும் தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாமல் ஒன்று செய்தோம். மாத்திரை தொடங்கிய அடுத்த மாதம் லாதிர் வந்தான். "டேய் அடிமை, ரெண்டு பேரு மாத்திரையையும் ஒரே டப்பாவுல கொட்டிப் பங்கு போட்டுக்குவோம். எவனுக்கு நிஜம் வந்திருந்தாலும் ரெண்டு பேருக்கும் கிடைக்கும்" என்றான். கேலிமுறைக்காரன் கேட்டால் மறுக்க முடியுமா? சரி என்றேன்.

இப்போது நான் நடமாடுகிறேன், அவன் மண்ணுக்குள். சோற்றுத் தட்டில் கை வைத்தால் எதிர்ப்பக்கம் அவன் கையும் வருகிறது. "என் பங்கைத் தின்னுட்டியேடா அடிமை" என்கிறான். பயமாக இருக்கிறது அக்கா. நிஜ மருந்து யாருடையது? அவனுடையது என்றால் அவன் உயிரைத் தின்றவன் நான்.

ஃபான்சு

பிரிகாமா,
அக்டோபர் 11

என் தம்பிக்கு,

சோதனை முடிந்து, யாருக்கு எது என்ற விவரம் வெளியாகிவிட்டது. பொய் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன், முடியவில்லை. நிஜ மருந்து லாதிருடையது. உன்னுடையது வெறும் துகள்.

முழுதாகச் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் ஈரல் உன்னுடையதைவிட மோசமாகக் கெட்டிருந்தது. நீங்கள் கலந்ததை மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டேன். உங்கள் இருவரையும் சோதனைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். என்னைத் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீமா

தான்ஜி,
அக்டோபர் 20

அக்காவுக்கு,

உன் கடிதத்தை லாதிரின் மனைவி சீகாவிடம் வாசித்துக் காட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காயப்போட்ட மீனைப் புரட்டிக்கொண்டிருந்த அவள் கை நிற்கவே இல்லை.

"தெரியும்ண்ணே. முதல் மாசமே அவருக்கு வீக்கம் வடிஞ்சுது, உங்களுக்கு வடியல. என்னுதுதான் நிஜம், சொன்னா அவன் தொடமாட்டான்னாரு. பங்கு போடாதீங்கன்னு அவரு காலைப் பிடிச்சு அழுதேன், கேக்கல" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"நீங்க நல்லா இருக்கணும். ஆனா என் கண்ணுல படாம இருங்க" என்றாள்.

தான்ஜி சின்ன ஊர் அக்கா. உன்னிடம் வரட்டுமா?

ஃபான்சு