அணைக்க முடியாத உலை

சேசு மரி சூசை

திருவொற்றியூர்
2-4-1974

அன்பு மகள் ஆலிஸுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் நைனாவும் சுகம், நைனாவுக்குக் கண் மட்டும் சிவந்தே கிடக்கிறது. ரூர்கேலாவில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறானா என்று எழுது.

ஈஸ்டருக்கு நைனா வந்து பேரனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்பார் என்றிருந்தோமே, அவரால் வர முடியாது. கோபப்படாதே, இதில் என் வாய்க்கும் பங்கு உண்டு. அரபு நாட்டுச் சண்டையிலிருந்து இங்கே மண்ணெண்ணெய்க்குக் கியூ, நைனாவின் கண்ணாடிப் பாட்டில் கம்பெனி உலைக்கு வரும் எண்ணெயும் பாதியாகிவிட்டது. நான் ஒரே நாளில் ஸ்டவ்வை மூலையில் போட்டுவிட்டு மரத்தூள் அடுப்புக்கு மாறினேன். அந்தத் திமிரில், நான் மாற்றிக்கொண்டேன், உங்கள் கம்பெனிக்கு என்ன கேடு என்று தினமும் குத்திக்காட்டினேன். இருபத்திரண்டு வருடமாக உலையைப் பார்க்கிற மனுஷன், என் நச்சரிப்பு தாங்காமல் சவுக்குக்கட்டை போட்டுப் பார்க்கலாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். ஒரே ஷிப்டுதான். சூடு ஏறவில்லை, சாம்பல் விழுந்து பாட்டிலெல்லாம் கடுகு தாளித்த மாதிரி புள்ளி. அதுகூடப் போகட்டும், உள்ளே கண்ணாடிக் குழம்பே இறுகத் தொடங்கிவிட்டது. கையிருப்பு எண்ணெய் முழுவதையும் விட்டுத்தான் காப்பாற்றினார்கள். கரண்டை நம்பலாமென்றால் அதுவே பாதி நாள் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து என்னைத் திட்டக்கூட இல்லை. "உன் அடுப்ப அணைச்சா நாளைக்குப் பத்த வெச்சுக்கலாம் இருதயம். இத்த அணைச்சா உள்ள கீற கண்ணாடி கல்லாப் பூடும், உலையவே ஒடச்சிக் கட்டணும். அதுவரிக்கும் நூத்தம்பது வூட்ல இன்னா துன்னுவாங்க?" என்றார்.

இப்போது பாட்டில் செய்வதில்லை, கிடைக்கிற எண்ணெயில் குழம்பு இறுகாமல் காக்கிறார்கள். அந்தக் குறைந்த தீயைப் பிடித்து நிறுத்த நைனாவுக்கும் கூட வேலை செய்கிற அப்பாவு அண்ணனுக்கும்தான் கைப்பழக்கம், ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். பெரிய வெள்ளியன்று நம் வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம், அன்றும் அவர் தீ முன்னால்தான். பாவமில்லை என்று நம் பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். அவரை இப்படி விட்டுவிட்டு நானும் வரவில்லை. பேரனைப் பார்க்காதது பெரிய குறைதான். அங்கே இரும்பு உலையில் வேலை செய்கிற மாப்பிள்ளைக்கு இது புரியும்.

மாதா உங்கள் மூவரையும் கைவிடமாட்டாள். நீ பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. ஒன்று மறக்காதே. நைனாவுக்குப் பதில் மாப்பிள்ளையின் தம்பி நின்று மெழுகுவத்தியைப் பிடிக்கட்டும், ஆனால் கோயில் புத்தகத்தில் ஞானத்தகப்பன் பேர் நைனா பேராகவே இருக்க வேண்டும். ஊர் தெரியாதவர்கள் தப்பாக எழுதிவிடுவார்கள், இந்தக் காகிதத்தையே அங்குள்ள சாமியாரிடம் படித்துக் காட்டு. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதுமில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

ச. அம்புரோஸ்.

உன் அம்மா
இருதயம்மாள்