எந்த நெக்

நவம்பர் 4, செவ்வாய்

விடாத தூறல். கொடியில் போட்ட துணி நேற்றிலிருந்து ஈரம். விடைத்தாள் கட்டில் பாதி முடிந்தது. பொருளாதாரம் படிக்க வந்த பிள்ளைகள், மூன்றாம் வருடத்திலும் தேவைக்கும் ஆசைக்கும் வித்தியாசம் தெரியாமல்.

சேகர் தன் கறுப்பு எலெக்ட்ரிக் கிடாரைக் கூட வாசிக்கும் டேவிட்டுக்குக் கொடுக்கப் போகிறாராம். சட்னி இன்னும் கொஞ்சம் வை என்பது போலச் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அந்தத் தடித்த சத்தத்துக்கு ஈடே கிடையாது என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்ன மனிதர். இப்போது கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகளுக்கு வெள்ளை நிறத்தில் புதிதாக ஒரு ஸ்ட்ராட் வகைக் கிடார். ஏன் என்று கேட்டேன்.

"டோன்" என்றார். ஒரே சொல்.

நம்பவில்லை.

இன்னொன்று. செவ்வாய், வெள்ளி காலையில் ஈக்காட்டுத்தாங்கல் போகிறார். கேட்டால், "நெக் கொஞ்சம் பிசகியிருக்கு, சரிபண்ணிக்கினு இருக்காங்க." கிடாரின் நெக், விரல் ஓடுகிற அந்த நீளக் கட்டை. மழைக்காலம் வந்தால் வளையும், எனக்கே தெரியும். ஆனால் இன்று அவர் கிளம்பிய பிறகு உள்ளறையில் பார்த்தேன். வெள்ளை, கறுப்பு, இரண்டும் வீட்டில்.

மாலையில் அவருடைய போன் மேசைமேல். பெயரில்லாத எண்ணிலிருந்து செய்தி: "வெள்ளிக்கிழமை லூஸ் சட்டை போட்டுட்டு வாங்க சார்." கூடவே ஒரு சிரித்த முகம்.

இருபத்திரண்டு வருடத்தில் இவர் என்னிடம் பொய் சொல்லிப் பார்த்ததில்லை. இப்போது சொல்கிறாரா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

வெயில். பால்காரர் வரவில்லை. கல்லூரி முடிந்து தி. நகரில் ஒரு இசைக்கருவிக் கடை. அண்ணன் மகனுக்குக் கிடார் பார்க்க வந்ததாகச் சொன்னேன். (அண்ணன் மகன் மிருதங்கம் வாசிக்கிறவன்.)

எதை அதிகம் கேட்கிறார்கள்? விற்பனைக்கு நின்ற பையன் யோசிக்காமல் ஸ்ட்ராட் என்றான். ஒரு சுவிட்சைத் தள்ளித் தள்ளி ஐந்து விதமாகச் சத்தம் மாற்றலாம், மெலடியும் குத்தும் பழைய பாட்டும் ஒரே கிடாரில் முடியும். உடம்பு வளைத்து வெட்டியிருப்பதால் விலாவில் இடிக்காது. அடுத்தது டெலி என்ற வகை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ரெண்டு, பலகை மாதிரி உடம்பு, கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது, சர்ச்சில் வாசிக்கிற பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மூன்றாவது எல்.பி. எங்கள் கறுப்பு அந்த வகைதான். பெரிய சத்தம், இழுத்தால் நெடுநேரம் நிற்கும்.

"ஆனா நிஜத்துல பாதிப் பேரு கலர் பாத்துத்தான் எடுக்கறாங்க மேடம். கேட்டா டோன்னுவாங்க."

வகுப்பில் நான் சொல்வதும் இதுதான். வாங்கிய பிறகு சொல்லும் காரணம் வேறு, வாங்க வைத்த காரணம் வேறு.

கேட்டதில் முக்கியமானது: மண்டபத்து சீரியல் லைட்டும் எர்த் சரியில்லாத ஒயரிங்கும் சேர்ந்தால் ஸ்ட்ராட் 'உம்ம்' என்று இரையும். எல்.பி. இரையாது, அதன் பிக்கப் அப்படி. அதனால் மண்டபக் கச்சேரிக்காரர்கள் எல்.பி.யை விட மாட்டார்கள்.

சேகர் வாசிப்பது மண்டபத்தில் மட்டும். ஆக, டோன் பொய்.

நவம்பர் 8, சனி

மப்பு. சாம்பாரில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன்.

டேவிட் வந்து கறுப்பை வாங்கிப்போனான். அவன் குழுவில் இரண்டாவது கிடார். சே.வுக்குப் பின்னால் நின்று பத்து வருடமாகத் துணைக்குக் கார்டு வாசிப்பவன். பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். மறுபடி திறந்தான்.

"இன்னா அண்ணி, அண்ணன் இத்த போய் குடுக்கறாரு? சொத்த எழுதி வெக்கிற மாரி கீது."

சே. சிரித்தார். கடைக்குப் போய் வருவதாக எழுந்து போய்விட்டார். தப்பித்துப் போனார் என்றுதான் எழுத வேண்டும்.

டேவிட்டுக்குக் காபி கொடுத்து விசாரித்தேன். தயங்கித்தான் சொன்னான். போன மாதம் இரண்டு கச்சேரியில் அண்ணன் விரல் தப்பியது. சாதாரணமாகத் தப்பாது. கேட்டதற்கு, மழை ஈரத்தில் கம்பி வழுக்குகிறது என்றாராம். அந்த மண்டபம் ஏசி.

"ஏதாச்சும் வீட்ல பேஜாரா அண்ணி?"

இல்லை என்றேன். சொல்லும்போது எனக்கே உறுதியில்லை.

வரும் சனிக்கிழமை தி. நகரில் பெரிய ரிசப்ஷன். முழுக்க அண்ணனின் சோலோ பாட்டுகள்தான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நவம்பர் 11, செவ்வாய்

அரை நாள் லீவு. காரணம்: சொந்த வேலை.

ஐம்பதை நெருங்கும் பேராசிரியை, ஆட்டோவில், கணவரின் ஸ்கூட்டருக்குப் பின்னால். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். கிண்டியில் சிக்னல் விழுந்தபோது, "கவலப்படாதக்கா, உட மாட்டேன்" என்றார். எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது.

ஈக்காட்டுத்தாங்கல். கீழே லேத் பட்டறை, மாடியில் ஒரு பலகை. கிடார் ரிப்பேர் இல்லை. பிசியோதெரபி.

மாடிக் கதவில் கண்ணாடி. உள்ளே சே. நாற்காலியில், தொளதொளச் சட்டையில். தாடையைச் சுற்றி ஒரு பட்டை, பட்டையிலிருந்து கயிறு, கயிறு மேலே கப்பியில். தலையை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், வெள்ளைக் கோட்டு, கையில் கடிகாரம்.

உள்ளே போகவில்லை. லேத் சத்தத்தில் கொஞ்ச நேரம் படியில் நின்றேன்.

நெக் பிசகியிருக்கு. சரிபண்ணிக்கினு இருக்காங்க. ஒரு வார்த்தை பொய் இல்லை. இந்த வீட்டில் நெக் என்றால் கட்டை. மனிதருக்கு இருப்பது கழுத்து. கழுத்து என்று சொல்லியிருந்தால் அன்றே பிடித்திருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

மாலை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"எந்த நெக்?"

கையைப் பிடரிக்குக் கொண்டுபோனார். "இது."

தேய்மானம். நரம்பு அழுந்தி, இடதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகின்றன. கறுப்பின் கனம் தோளில் தொங்கினால் இன்னும் மோசம். அதற்குத்தான் வெள்ளை. டோன் இல்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வாசிக்க விடமாட்டே."

"அவங்க விடறாங்களா?"

பத்துக்கு இத்தனை என்று வலியைக் கேட்கிறார்களாம். ஐந்துக்குக் கீழே இருந்தால் வாசிக்கலாம். மேலே போனால் ஆறு மாதம் கிடாரைத் தொடக் கூடாது. மீறினால் விரல் திரும்பாமலே போகலாம்.

"இப்ப எவ்வளவு?"

"மூணு."

நெக் விஷயத்தில் பொய் சொல்லவில்லை என்று தெரிந்த அதே நாளில் இந்தப் பொய்.

நவம்பர் 12, புதன்

நல்ல மழை. மந்தைவெளியில் முழங்கால் தண்ணீர், கல்லூரி விடுமுறை. இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஆள் வரச் சொல்ல வேண்டும்.

சே. கூடத்தில் சனிக்கிழமைக்காகச் சாதகம். ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்ததும் வெள்ளைக் கிடார் இரைந்தது. கடைப் பையன் சொன்ன அதே 'உம்ம்'. கிடாரைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்குமாம். சே. அந்தக் கோணத்தைத் தேடினார். நாற்காலியோடு நகர்ந்து நகர்ந்து, கடைசியில் சுவரைப் பார்த்து.

அப்போது கூப்பிட்டேன், வேண்டுமென்றே. திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பாது. எழுந்து, நாற்காலியைத் தூக்கி என் பக்கம் போட்டு, மறுபடி உட்கார்ந்து, "சொல்லு" என்றார்.

மூணாம்.

காபி வேணுமா என்று கேட்டுவைத்தேன். சொல்லித் தடுத்தால், தடுத்தது நானாக இருப்பேன். ஆறு மாதமும் அதுவே வீட்டில் நிற்கும். தடுக்காமல் இருந்தால் அந்த விரல்கள். இதில் நியாயமான பக்கம் எது என்று இரவுச் சாப்பாடு வரை யோசித்தேன். வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"எதுக்கு? தண்ணியா கெடக்கு."

"சும்மா."

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டது. ஸ்கூட்டர் வேண்டாம் என்று ஆட்டோ. சே. மடியில் இடது கை, அதன்மேல் வலது கை. வலது கட்டைவிரலால் இடது ஆள்காட்டி விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டே வந்தார், உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது போல.

அந்தப் பெண் நல்ல பெண். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். லூஸ் சட்டை செய்தியை நினைத்து அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம். நாளைக்குக் கச்சேரி இருக்குல்ல சார், என்று ஆரம்பித்து, தலையைச் சாய்க்கச் சொல்லி, தோளை அமுக்கி, வழக்கமான கேள்விக்கு வந்தாள். பத்துக்கு எவ்வளவு?

சே. தரையைப் பார்த்தார். பிறகு உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தார். நான் முகத்தில் எதுவும் காட்டவில்லை. அது எனக்கு வரும்.

"ஏழு" என்றார்.

அவள் எழுதப் போய் நிறுத்தினாள். "போன தடவை மூணுன்னு சொன்னீங்களே சார்?"

"அது இவ வராதப்போ."