பாதியில் நின்ற கோடு

மதினி,

இன்று பின்னேரம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், கட்டம் போட்ட தாள் ஒன்றை மேசையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நுவரெலியாவில் எந்த மாதம் எவ்வளவு மழை பெய்கிறது என்று வரைந்துவரச் சொன்னார்களாம். அடிமட்டத்தை வைத்து மாதத்துக்கு ஒரு தூணாக எழுப்பிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்து, "கீழ மாசம், பக்கத்துல அங்குலமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் பென்சிலை நிறுத்தினாள். "ஒங்களுக்கு எப்பிடிம்மா இது தெரியும்?"

அடுப்பைப் பார்க்கப் போகிறவள்போல உள்ளே வந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அவளிடம் சொல்ல முடியாததை உங்களுக்கே எழுதுகிறேன்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லோரும் உங்கள் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தோம். பிள்ளைப்பேறு பார்க்கப் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு எங்களோடு என்ன பேச்சு இருக்கும் என்று நினைத்தோம். நீங்களோ வந்த வாரமே பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைந்துவிட்டீர்கள். நாங்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அந்த ஒற்றை அறையில், சேலைத் தொட்டில்களுக்கு நடுவே, புகையும் மூத்திர வாடையும் கலந்த அந்த இருட்டில், ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கிப் பார்த்தீர்கள்.

பிறகு தராசு கேட்டீர்கள். தோட்டத்தில் இருந்தது கொழுந்து நிறுக்கிற தராசு ஒன்றுதான். சனிக்கிழமை சாயந்தரம் கூடைகளை நிறுத்து முடித்ததும் அதே கொக்கியில் தூளி கட்டி, பிள்ளைகளை நிறுக்க ஆரம்பித்தீர்கள். என் மாமியார் சண்டைக்கே வந்துவிட்டார்.

"கொழுந்து நிறுக்கிற தராசுல புள்ளய வைக்கிறதா? கண்ணு பட்டுரும்!"

"கண்ணு பட்டா சுத்திப் போடுங்க பெரியம்மா. எட கொறஞ்சா என்னா செய்வீங்க?"

முதலில் நீங்கள் எண்களைத்தான் எழுதினீர்கள். பெயர், வாரம், றாத்தல், அவுன்ஸ். தாள் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. அதைக் கொண்டுபோய்த் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் காட்டியபோது அவர் மேலோட்டமாகப் பார்த்து, "நல்லது, நல்லது" என்று மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டாராம். நீங்கள் கோபமாகத் திரும்பி வருவீர்கள் என்று நினைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "அவரச் சொல்லிக் குத்தமில்ல. நான் எழுதுன விதம் அப்பிடி. அதுல எந்தப் புள்ளயும் தெரியல."

அதற்குப் பிறகுதான் ராகலையில் கடை வைத்திருந்த நானாவிடம் பழைய காலண்டர்களை வாங்கி வந்தீர்கள். பின்பக்கத்து வெள்ளையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டீர்கள். கீழே வாரங்கள், பக்கத்தில் றாத்தல். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி. அடுத்த வாரம் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கோடு. பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விரலை வைத்துக் காட்டினீர்கள். "மேல போனா புள்ள வளருது. படுத்துட்டா நம்ம எந்திரிக்கணும்."

அதிலிருந்து மலையிலிருந்து இறங்குகிற தாய்மார் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்பே சுவரைப் பார்ப்பார்கள். "எங் கோடு ஏறிருச்சா மதினி?" என்று கேட்காதவள் இல்லை. எல்லோருக்கும் நீங்கள் மதினி ஆகிவிட்டீர்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

என் மூத்தவள் ராசாத்தியின் கோடு சிவப்புப் பென்சிலில் இருந்தது. நீங்கள்தான் அவளைப் பிரசவம் பார்த்து என் கையில் கொடுத்தீர்கள். முதல் மாதங்களில் அது மற்ற எல்லாக் கோடுகளையும் தாண்டி ஏறியது. நான் தினமும் ஒரு தடவை அதைத் தடவிப் பார்ப்பேன்.

மழை விட்டு வெயில் வந்தது. கொழுந்து பொங்கியது. எங்களை உச்சி மலைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இறங்கிப் பால் கொடுத்துவிட்டு மறுபடி ஏறுவதென்றால் பாதிக் காலை போய்விடும். காலையில் கொடுத்த பாலோடு சாயந்தரம்வரை பிள்ளைகள் சீனித்தண்ணீரில் கிடந்தன. ராசாத்தியின் கோடு முதலில் படுத்தது. அடுத்த வாரம் சாய்ந்தது.

"ஏ புள்ள, நடுவுல ஒரு தடவ எறங்கி வா. பாப்பாவுக்குப் பால் பத்தல" என்றீர்கள்.

வந்தேன். மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையா அரைப்பேர் போட்டார். அரை நாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு. மறுநாளும் வந்தேன். "நாளைக்கும் எறங்குனா வேலைக்கே வராத" என்றார். நீங்கள் அவரிடம் போய்ப் பேசினீர்கள். "நான் என்னா பண்ண? தொரகிட்டச் சொல்லுங்க" என்று கையை விரித்துவிட்டார். அந்த வாரமே ராசாத்திக்கு வயிற்றோட்டம் கண்டது. தாங்குகிற அளவுக்கு அவள் உடம்பில் எதுவும் மிச்சமில்லை. உங்கள் மடியில்தான் போனாள்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"தொரகிட்டத் திரும்பப் போகப் போறேன். பாப்பா கோட்டையும் காட்டட்டுமா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "எம் புள்ளயப் படம் போட்டு ஊருக்குக் காட்டப் போறீங்களா?" என்று கத்தினேன். நீங்கள் எழுந்து போகவில்லை. "நீ வேணாம்னா காட்ட மாட்டேன்" என்று மட்டும் சொன்னீர்கள். சுவரிலிருந்த அந்தக் கோட்டை அழித்துவிடும்படி மற்றப் பெண்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், மற்றப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று. அவர்களிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. "அத அழிச்சா மத்தக் கோடெல்லாம் பொய்யாப் போயிரும்."

அன்று சாயந்தரம் நானே வந்து சொன்னேன், "காட்டுங்க, நானும் வாறேன்" என்று.

ஆபீசில் நின்றோம். நீங்கள் இரண்டு தாள்களை மேசையில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தீர்கள். மேலே, வாரத்துக்கு வாரம் தோட்டத்தில் எடுத்த கொழுந்து, பச்சைத் தூண்களாக. கீழே பிள்ளைகளின் கோடுகள். இரண்டுக்கும் வாரங்கள் நேருக்கு நேராக வரும்படி அளந்து வரைந்திருந்தீர்கள். துரை கொழுந்தைத்தான் முதலில் பார்த்தார். உயரமான தூண்களில் விரலை வைத்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த விரல் தானாகக் கீழே இறங்கியது. தூண் உயர்ந்த இடத்திலெல்லாம் கோடுகள் சரிந்து கிடந்தன. நீங்கள் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை.

சிவப்புக் கோட்டில் விரல் நின்றது. தோட்டத்தில் பழகிய தமிழில் கேட்டார்: "இந்தக் கோடு ஏன் பாதியில நின்னுபோச்சி?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"அது எம் புள்ளைங்க, தொர" என்றேன்.

அவர் விரலை எடுத்துக்கொண்டார். சுட்டது மாதிரி. ஜன்னல் பக்கம் திரும்பி, "தாள் இங்க இருக்கட்டும்" என்றார். இந்தத் தடவை இழுப்பறைக்குள் போடவில்லை.

சில நாள் கழித்துக் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கண்டாக்கையா சொன்னார், பால் கொடுக்கிற பெண்கள் பத்து மணிக்கு இறங்கிப் போய் வரலாம், பேர் வெட்ட மாட்டோம், அவர்களுக்குக் கிட்டத்து மலையில்தான் வேலை என்று. அன்று பத்து மணிக்குக் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு அவர்கள் படியில் ஓடியதை நான் தேயிலைக்கு நடுவே நின்று பார்த்தேன். என் மாரில் அப்போதும் பால் கட்டியிருந்தது. நீங்கள் பிள்ளைக்காம்பரா வாசலிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு, எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டு மேலே ஏறி வந்தீர்கள். என் பக்கத்துச் செடியில் நின்று கொழுந்து கிள்ளினீர்கள். உங்களுக்குப் பறிக்கவே தெரியாது. முற்றலும் காம்புமாகக் கிள்ளி என் கூடையில் போட்டீர்கள்.

அதன் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். பக்கத்துத் தோட்டங்களில் எதுவும் மாறவில்லை. எங்கள் சுவரிலும் சில கோடுகள் சாயத்தான் செய்தன. ஆனால் சாய்ந்தவை எழுந்தன. இந்த மகள் பிறந்து அந்தச் சுவரில் ஏறினாள். உங்களுக்கென்று ஒரு கோடு அங்கே வரவேயில்லை. அதைப் பற்றி நீங்கள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்த நாள் கண்ணிலேயே நிற்கிறது. கட்டில் கால்மாட்டில் காய்ச்சல் அட்டை தொங்கியது. "அத எடுத்துக் குடு" என்றீர்கள். நர்ஸ் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனதை நினைத்து நான் தயங்கினேன். "எனக்குப் போயி ஒளிக்கிறியா?" என்றதும் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டை ஆரம்பத்திலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே வந்தீர்கள். கடைசிப் புள்ளியில் கொஞ்ச நேரம் நின்றீர்கள். பிறகு அட்டையை என்னிடம் நீட்டி, "ஒங்க அண்ணன வரச்சொல்லு. இன்னைக்கே வரச்சொல்லு" என்றீர்கள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அண்ணன் வந்து சேர்ந்தபோது உங்களுக்குப் பேச்சு இருந்தது. அந்த மட்டில் அவருக்கு ஓர் ஆறுதல்.

இப்போது பிள்ளைக்காம்பராவில் நான்தான் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் நிறுக்கிறேன், புள்ளி வைக்கிறேன். உங்களைப் போல நேர்கோடு எனக்கு வராது. போன வாரம் ஒரு கோடு படுத்தது. முதல் பிள்ளைக்காரி, பயந்த பெண். கண்டாக்கையாவும் புதிது. அவளைப் பால் கொடுக்க இறக்கிவிடச் சொல்லி ஆள் அனுப்பினேன், விடவில்லை. தாளைச் சுவரிலிருந்து பிரித்துச் சுருட்டிக்கொண்டு நானே மலைக்கு ஏறினேன். மூச்சு வாங்கியது. அவர் முன்னால் விரித்துப் பிடித்தேன். காற்றில் தாள் படபடத்தது. அவர் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பின்னாலேயே இறங்கி வந்தாள்.